எண்பது டிகிரிக்குள் ஒரு வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். கையில் காபி டம்ளரோடு சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தேன். எதிரே என் கணவர் தூபக்காலை ஏந்திக்கொண்டு பால்கனிப் பக்கம் போனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. புகைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

கூடத்து மூலையில் என் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு சமையலறை. நான் வரைந்த சமையலறை. ஜன்னல் வழியாக வந்த காலை வெயில் மேடைமேல் ஏறி, குக்கர் மூடியைத் தொடப்போகிற இடத்தில் படம் அப்படியே உறைந்தது. மவுஸை அசைத்தேன். அசையவில்லை. பிறகு திரை கறுத்தது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து நிற்காமல் ஓடிய வேலை அது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குள் முடிந்தாக வேண்டும்.

"ஆயிடுத்தா?" என்று பால்கனியிலிருந்து கேட்டார்.

"ஆயிடுத்து. செத்துப் போயிடுத்து."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு பேசறே, விஜி!"

காபியை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன்.

என்ன அவசரம்?

போன வாரம் இந்தப் பக்கத்தில், "என் கம்ப்யூட்டரின் வேகத்தை நானே ஏற்றினேன்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். காட்கோபரிலிருந்து ஒரு வாசகி விடவில்லை. எப்படி ஏற்றினீர்கள், வெடிக்காதா, வீட்டில் திட்டவில்லையா என்று வரிசையாகக் கேள்வி. வெடிக்கவில்லை. வீட்டில் திட்டினார்கள். திட்டியது நான்.

பல வருஷம் நான் மாட்டுங்காவில் ஒரு கட்டட வரைபட ஆபீசில் இருந்தேன். பக்கத்து நாற்காலியில் பொன்மாரி. தாராவியில் பிறந்து வளர்ந்தவள், வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வெளியில் இந்தி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் என்பதால் இந்தத் தொடரை நான்தான் அவளுக்குப் போனில் வாசித்துக் காட்டுகிறேன். தன் பெயர் வராத வாரங்களில் "சுமாரா இருக்குக்கா" என்பாள்.

ஒரு நாள் எங்கள் இருவரையும் ஒரே அறைக்குக் கூப்பிட்டு, இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். இவர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். செய்தித்தாளை மடித்து வைத்தார். "போனா போறது. சாப்பிட வா" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர்மேல் எனக்கு ரொம்ப நாள் மனத்தாங்கல் இருந்தது.

நானும் பொன்மாரியும் சும்மா இருக்கிற ரகம் இல்லை. அவள் ஊர் சுற்றி இடங்களை அளந்து வருவாள். நான் அந்த அளவை வைத்து, கட்டப்போகிற வீடு உள்ளே எப்படி இருக்கும் என்று படம் செய்வேன். கதவைத் திறந்து உள்ளே நடந்து போவதுபோல ஓடும் படம். கடன் சொல்கிறவர்கள், இலவசமாகக் கேட்கிறவர்கள் எல்லாரையும் தாண்டி, முதல்முறையாக ஒரு பெரிய வேலை கண்ணில் பட்டது. திலக் நகரில் ஒரு பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே குடியிருப்பவர்களின் சொசைட்டி மீட்டிங்கில் மாதிரிப் படம் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் கட்டடம் முழுவதற்கும் படம் செய்கிற வேலை எங்களுக்கு.

"எக்கா, கெடச்சா நமக்குன்னு ஒரு தொழிலு" என்று சொல்லியிருந்தாள் பொன்மாரி. "கெடைக்கலன்னா திங்கக்கெழம நான் அந்த மால்ல பில்லிங் கவுண்டருக்குப் போயி நின்னுருவேன். வரச் சொல்லிட்டாவ. எனக்கு வேற வழி கெடையாது, பாத்துக்கிடுங்க."

அவள் போய்விட்டால் அளக்க ஆள் இல்லை. அளக்காமல் நான் எதை வரைவது? ஆக, அந்தக் கறுத்த திரைக்குள் இருந்தது எங்கள் இரண்டு பேருடைய பிழைப்பும்.

"பையனுக்கா, மேடம்?"

கொஞ்சம் பின்னால் போகிறேன். புது மெஷின் வாங்க வழியில்லை. என்னிடம் இருந்த மென்பொருளோ எல்லாப் பாரத்தையும் பிராசஸர் தலையில் போடுகிற ஜாதி. ஒரு நிமிஷப் படத்துக்கு நாள்கணக்கில் ஓடும். இருக்கிற பிராசஸரையே இன்னும் வேகமாக ஓடவைக்க முடியும், அதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர் என்று எங்கோ படித்தேன். அன்றைக்கே பிடிவாதம் பிடித்துக்கொண்டது.

விஷயம் இதுதான். பிராசஸருக்குள் ஒரு தாளம் இருக்கிறது. அந்தத் தாளத்தை ஒரு எண்ணால் பெருக்கினால் வருவது அதன் வேகம். தயாரித்தவர்கள் ஒரு பாதுகாப்பான எண்ணை வைத்து அனுப்புகிறார்கள். சில பிராசஸர்களில் அந்த எண்ணை நாமே மாற்றலாம். எல்லாவற்றிலும் முடியாது. மதர்போர்டும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். முதலில் உங்களிடம் இருப்பது எந்த ரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டிய ரகமாக இருந்தால் அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். வாரண்டி பாக்கி இருந்தால் அதுவும் போகலாம். அதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

வேகம் ஏறினால் சூடு ஏறும். அதனால் வேகத்தைத் தொடுவதற்கு முன்பு குளிர்ச்சிக்கு வழி செய்ய வேண்டும். மெஷினோடு வந்த குட்டி விசிறி போதாது. பிராசஸர்மேல் பொருத்துகிற, தகடுகளும் விசிறியும் கொண்ட நல்ல கூலர் வாங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோடுக்குப் போனேன். கடைக்காரர் என்னையும் என் பருத்திப் புடவையையும் பார்த்துவிட்டு, "பேட்டே கே லியே, மேடம்?" என்றார். பையனுக்கா என்று கேட்கிறார்.

"மேரே லியே" என்றேன், எனக்குத்தான். பெரிய கூலராக எடுத்துக் கொடுத்தார்.

கூடவே எஸ்.எம்.பி.எஸ்-ஐயும் மாற்றினேன். மெஷினுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. அதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். உள்ளே இருக்கிற எல்லாவற்றின் உயிரும் அதன் கையில். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். எங்கள் கட்டடத்தில் சரியாக இல்லை. ஃப்ரிட்ஜைத் தொட்டால் கை சுளீர் என்னும். அதை எல்லாரும் பழகிக்கொண்டிருந்தோம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

எனக்கு அவசரபுத்தி. அடைக்கு அரைத்ததும் வார்க்க வேண்டும், கல் காயும் வரை நிற்க முடியாது. அப்படிப்பட்டவளுக்கு இந்த வேலை நல்ல தண்டனை. இதில் அவசரப்பட்டால் மெஷின் உடனே முகத்தில் அடித்து அனுப்பிவிடும்.

முதல் வேலை, முக்கியமான கோப்புகள் எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு பிரதி. இதைச் செய்யாமல் அடுத்த பாராவைப் படிக்காதீர்கள்.

அடுத்தது, எதையும் மாற்றாமல் மெஷினை முழுப் பாரத்தில் ஓடவிட்டு எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பது. சூட்டைக் காட்ட இலவச நிரல்கள் இருக்கின்றன. டிசம்பர் காலையில் பார்த்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. மும்பையில் மே மாதமும் உண்டு, மழை போனதும் வருகிற அக்டோபர் வெயிலும் உண்டு. முழுப் பாரத்தில் எண்பது டிகிரி என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். பிராசஸர் இன்னும் மேலே தாங்குமாம். தாங்கட்டும். தாங்குகிறதா என்று சோதித்துப் பார்க்க எனக்கு அது மருமகள் இல்லை.

பிறகுதான் வேகம். மெஷினை ஆன் செய்ததும் டிலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் என்கிற அமைப்புப் பக்கம் திறக்கும். மாற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கல் எண்ணை ஒரே ஒரு படி ஏற்றுங்கள். சேமியுங்கள். மெஷின் எழுந்தால் சோதனை நிரலைப் போட்டு மணிக்கணக்கில் ஓடவிடுங்கள். நிற்காமல், கோட்டைத் தாண்டாமல் ஓடினால் அடுத்த படி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டை மாற்றிவிட்டு மெஷின் படுத்துக்கொண்டால், எதனால் படுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எழுந்திருக்கவே இல்லையென்றால்? எனக்கும் ஒருமுறை எழவில்லை. அப்புறம் தெரிந்துகொண்டேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் இருக்கிற காசு மாதிரியான பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் கழித்துப் போட்டால், பயாஸ் எல்லாவற்றையும் மறந்து பழைய நிலைக்கு வந்துவிடும். மனிதர்களுக்கு அந்த வசதி இல்லை.

வோல்டேஜ் பற்றி ஒரு வார்த்தை. வேகம் ஏறினால் பிராசஸர் கொஞ்சம் கூடுதல் மின்அழுத்தம் கேட்கும். மதர்போர்டில் "ஆட்டோ" என்று விட்டுவிட்டால் அது தாராளமாக அள்ளி ஊற்றும். நான் முதலில் அப்படித்தான் விட்டேன். ஒரே படி ஏற்றியதற்குச் சூடு தாவி ஏறியது. அதற்குப் பிறகு வோல்டேஜை நானே குறித்து வைத்தேன். படி ஏறாமல் தடுக்கிறபோது மட்டும் நூலிழை அளவு கூட்டுவது, தயாரித்தவர் சொன்ன எல்லைப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் இருப்பது. சூடு உடனே கொல்கிறதென்றால், அதிக வோல்டேஜ் மெதுவாகக் கொல்லும். இரண்டையும் குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

இப்படி ஒரு மழைக்காலம் முழுக்கப் படி படியாக ஏறி, இனிமேல் ஏறாது என்கிற படியில் போய் நின்றேன். எனக்கு ஒரே பெருமை. பொன்மாரியிடம் எண்ணைச் சொல்லிச் சொல்லிக் காண்பித்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எதுக்கு அத இந்த வெரட்டு வெரட்டுதிய?" என்றாள்.

அப்போதே அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

கோயில் வாசனை

மழை முடிந்ததும் வினோதமாக ஒன்று நடக்க ஆரம்பித்தது. சோதனைகளில் பிசகாத மெஷின் வாரத்தில் ஒருநாள் மட்டும் முரண்டு பிடித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். படம் நடுங்கும், சில சமயம் தானே அணைந்து எழும். மற்ற நாட்களில் ஓடும், ஆனால் வாரத்துக்கு வாரம் சூடு கொஞ்சம் கூடுதல், வேலை கொஞ்சம் மந்தம்.

நான் வோல்டேஜைச் சந்தேகப்பட்டேன். எஸ்.எம்.பி.எஸ்-ஐச் சந்தேகப்பட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டடத்தில் எல்லாரும் ஏசி போடுவதால் மின்சாரம் குறைகிறதோ என்று மீட்டர் அறையில் போய் நின்றேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கூலரை மட்டும் சந்தேகப்படவில்லை, அது புதியது அல்லவா?

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பிளக்கைப் பிடுங்கினேன். கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கினேன். நைலான் துணியோடு உள்ளே கைவைக்காதீர்கள், பருத்திதான் நல்லது. முன்பக்கத்துக் கம்பிவலை கை சுடுகிற அளவுக்குக் கொதித்தது. உள்ளே சூடாக இருந்தால் நியாயம். காற்று நுழைகிற வாசல் எதற்கு இப்படிக் கொதிக்கிறது?

பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்து கோயில் வாசனை வந்தது.

கூலரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவில் பழுப்பாக, பிசுபிசுவென்று, கம்பளி மாதிரி ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. சும்மா தூசி என்றால் ஊதினால் பறக்கும். இது நகத்தால் சுரண்டினால் சுருண்டு வந்தது. முன்வலைக்குக் கீழே தரையில் கொஞ்சம் சாம்பல் உதிர்ந்து கிடந்தது.

"ஏன்னா, இங்க வாங்கோ."

வந்தார்.

"இதை மோந்து பாருங்கோ."

மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "நம்மாத்து சாம்பிராணின்னா இது!"

"அது எப்படி இதுக்குள்ள போச்சு?"

"நான்தான் காட்டறேன். நீ அடுக்களைல இருப்பே. சாமிக்குக் காட்டிட்டு நேரா இதுக்குத்தான் வருவேன். முன்னாடி ஜல்லடை மாதிரி இருக்கோல்லியோ, அதுகிட்ட பிடிச்சா புகை அப்படியே உள்ள போறது. ஒரு துளி வெளில வராது. பாக்கவே திருப்தியா இருக்கும். சாமி ஏத்துக்கறார்னு நெனச்சேன்."

"சாமி இல்லை! ஃபேன்! ஃபேன் இழுக்கறது!"

கத்தினேன். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. தேங்காய்ச் சிரட்டையைக் கேஸில் பழுக்கக் காய்ச்சி, அந்தக் கங்கை என் மெஷினின் மூக்கில் வைத்து, வாராவாரம் சாம்பிராணி போட்டிருக்கிறார் இந்த மனிதர். கங்கின் சூடு உள்ளே போய், ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற பிராசஸரை அப்பால் தள்ளியிருக்கிறது. புகை தங்கி, தூசியைப் பிடித்துவைத்து, மற்ற நாட்களிலும் மூச்சை அடைத்திருக்கிறது. நான் மீட்டர் அறையில் போய் நின்றேன்!

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

அவர் தூபக்காலைக் கீழே வைத்தார். "உனக்கு ஆபீஸ் நின்னு போச்சே, அந்த வாரத்துலேர்ந்து."

"எதுக்கு?"

"நீ இது ஒண்ணைத்தானே நம்பி உக்காந்திருக்கே, விஜி. இதுக்கு ஒண்ணும் ஆயிடப்படாதேன்னுதான். எனக்கு வேறென்ன பண்ணத் தெரியும்?"

"போனா போறது" என்று சொன்ன அதே மனிதர். எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன என்று எழுதுவதுதான் நியாயம். மூக்கைச் சிந்திவிட்டு, "போய் அந்தப் பழைய டூத் பிரஷை எடுத்துண்டு வாங்கோ" என்றேன்.

ஒரு படி கீழே

இதற்குள் பொன்மாரியின் போன்.

"எக்கா, படம் எம்புட்டு ஆயிருக்கு?"

"மெஷின் நின்னுடுத்து. பிரிச்சுப் போட்டிருக்கேன்."

மறுபக்கம் தாராவித் தொண்ணூறடி ரோட்டின் ஹாரன்கள் கேட்டன. "அப்பொ அந்த மால்காரன்ட்ட வாறேன்னு சொல்லிரட்டா?"

"யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதே. ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயைத் தொறக்காதே."

"சரிக்கா. நீங்க சொன்னா சரிதான்."

அந்தச் "சரிதான்" எனக்குப் பயத்தைக் கொடுத்தது. என்னை நம்பி ஒருத்தி வாயை மூடிக்கொள்கிறாள்.

கூலரை மதர்போர்டிலிருந்து முழுசாகக் கழற்றி எடுத்தேன். இவர் மெடிக்கல் ஸ்டோரிலிருந்து சுத்தம் செய்கிற ஆல்கஹால் வாங்கி வந்தார். பால்கனி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தகடாகத் தேய்த்தார். பூஜைப் பாத்திரம் தேய்க்கிற அதே பொறுமை. தேய்க்கத் தேய்க்க உலோகம் பளபளத்தது. காய்ந்த பிறகுதான் கொண்டுவந்து கொடுத்தார்.

பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்துகிற பசை ஒன்று வைக்க வேண்டும். பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக, நடுவில் கொஞ்சம்தான். "துவரம்பருப்பு அளவு போதும்" என்று நானே சொல்லிக்கொண்டேன்.

"முழுத் துவரையா, உடைச்சதா?" என்றார்.

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாம் மாட்டி முடித்தேன். இப்போது எந்த வேகத்தில் ஓடவிடுவது? பழைய, பத்திரமான வேகத்தில் ஓடினால் ஞாயிற்றுக்கிழமை இரவுதான் முடியும். மீட்டிங் முடிந்து நாற்காலிகளை அடுக்கியிருப்பார்கள். நான் பெருமையடித்துக்கொண்ட உச்சிப் படியில் ஓடினால் நேரத்துக்கு முடியலாம், நடுவில் மறுபடி விழவும் விழலாம்.

"மெதுவாவே போகட்டுமே" என்றார் இவர்.

"முடியாது."

"அப்போ வேகமாவே விடு."

"அதுவும் முடியாது."

உச்சிப் படி எதுவோ அதிலிருந்து ஒரு படி கீழே இறங்கிவிட வேண்டும். ஏறியவர்கள் எல்லாரும் சொல்கிற விதி இது. நானும் படித்திருந்தேன். அந்த ஒரு படியை விட்டுக்கொடுக்க மனசு வராமல் மழைக்காலம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது இறங்கினேன். வோல்டேஜையும் ஒரு நூல் குறைத்தேன். ஓடவிட்டேன்.

சூடு ஏறியது. எழுபதைத் தொட்டது. கொஞ்சம் தாண்டியது. அங்கேயே நின்றது.

படம் ஒவ்வொன்றும் வெளிவருகிற நேரத்தைப் பார்த்தேன். உச்சிப் படியில் ஓடியதைவிடச் சீக்கிரம் வந்தது. முதலில் நம்பவில்லை. பிறகு புரிந்தது. சூடு தாங்காமல் அந்தப் பிராசஸர் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. நான் எண்ணைப் பார்த்துப் பெருமைப்பட்டேன், அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதில் இதுதான் முக்கியமானது. திரையில் தெரிகிற எண்ணைப் பார்க்காதீர்கள், வேலை முடிகிற நேரத்தைப் பாருங்கள்.

இன்னொரு நல்ல காரியமும் செய்திருந்தேன். படத்தை ஒரே கோப்பாக இல்லாமல் தனித்தனிப் படங்களாகச் சேமிக்கச் சொல்லியிருந்தேன். அதனால் வெள்ளிக்கிழமை வரை ஆனது அப்படியே இருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இரவு என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். நான் தூங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் பொன்மாரி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே திரைக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை. தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, இங்ஙனதான் பொகை போட்டியளா?" என்று இவரைப் பார்த்துக் கேட்டாள்.

இவர் அசடு வழிந்தார். "இனிமே கிட்டவே வரமாட்டேன்."

"வராம இருங்க. ஆனா சாமி கும்புடுததை விட்டுராதிய. நாளைக்கு நமக்கு வேணும்."

"ஊன் யேணார் கா?"

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடிக்கும்போது கடைசிப் படம் வந்து விழுந்தது. எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்துப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு திலக் நகருக்கு ஓடினோம்.

சொசைட்டி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனி. கோட்டு போட்டவர்கள், மியூசிக்கோடு படம் காட்டினார்கள். நீச்சல்குளம், ஜிம், மொட்டைமாடித் தோட்டம். எல்லாரும் கைதட்டினார்கள். பொன்மாரி என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் முறை வந்தது. எங்கள் படத்தில் மியூசிக் இல்லை, அதற்கு நேரம் இல்லை. வாசல் கதவு திறந்தது. கூடம், உள்ளே சமையலறை. முன்வரிசையில் ஒரு மராத்தி அம்மாள் கையைத் தூக்கினார்.

"ஊன் யேணார் கா?"

வெயில் வருமா என்று கேட்கிறார். பழைய கட்டடத்தில் அவருடைய சமையலறை பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

பொன்மாரி திரையைக் கையால் காட்டினாள். ஜன்னல் வழியாக வெயில் வந்தது. மேடையில் ஏறியது. வெள்ளிக்கிழமை உறைந்து நின்ற இடத்துக்கு வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெயில் குக்கர் மூடியைத் தொட்டது, தாண்டியது, சுவர்வரை போனது.

பொன்மாரி அந்த ஜன்னல் வரப்போகிற திசையை மனையில் நேரில் போய்ப் பார்த்து அளந்திருந்தாள். நான் அந்தத் திசையில் சூரியனை வைத்திருந்தேன். அதனால் அது பொய் வெயில் இல்லை. அந்த அம்மாள் "அஜூன் ஏக்தா" என்றார். இன்னொரு தடவை போட்டோம்.

கடைசியில் செக்ரட்டரி எங்களைத் தேடிக்கொண்டு வந்து, எல்லா வீடுகளையும் அளக்க எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்.

"திங்கக்கெழம" என்று பொன்மாரி தமிழிலேயே சொல்லிவிட்டாள். பிறகு சிரித்துக்கொண்டு இந்தியில் சொன்னாள்.

விசிறி நின்ற பிறகு

அடுத்த வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கும் நேரம். திலக் நகர் வேலை மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. சிரட்டை எரிகிற வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தேன். இவர் தூபக்காலோடு கூடத்து வாசற்படியில் நின்றார். உள்ளே வரவில்லை. அங்கிருந்தே என் மெஷினை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பால்கனிப் பக்கம் திரும்பினார்.

"இருங்கோ" என்றேன்.

ஓடுகிற படத்தை நிறுத்தினேன். சேமித்தேன். மெஷினை அணைத்தேன். விசிறிகள் சுற்றிச் சுற்றி மெதுவாகி நின்றன. ஜன்னல்களைத் திறந்துவைத்தேன்.

"இப்போ வாங்கோ."

"எதுக்கு? வேலை கெடறதே."

"நின்னாச்சு. காட்டுங்கோ. தள்ளி நின்னு."

தயங்கித் தயங்கி வந்தார். ஒரு கை தூரத்தில் நின்று, கேபினெட்டுக்கு முன்னால் தூபக்காலை மூன்று முறை சுற்றினார். புகை எங்கேயும் நுழையவில்லை. நேராக மேலே போய் ஜன்னல் வழியாகக் கலைந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரிந்தது.

"உள்ள போகலியே, விஜி."

போகக் கூடாது என்று தெரிந்தவருக்கு அதை மறுபடி எப்படிச் சொல்வது?

அவர் சற்று யோசித்தார். பிறகு தூபக்காலை மெஷினிலிருந்து விலக்கி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திருப்பினார். இத்தனை வருஷத்தில் சாமிக்கும் மெஷினுக்கும் காட்டியவர், எனக்குக் காட்டியது அதுதான் முதல் தடவை.

நான் கண்ணை மூடிக்கொண்டு, நன்றாக உள்ளே இழுத்தேன்.